டொக்: பிஸ்கட் டின் கம்ப்யூட்டரோடு மூன்றரை வருஷம்

போன ஞாயிறு பொகவந்தலாவையிலிருந்து தம்பி முறையான ஒருவன் போன் எடுத்தான். "அண்ணே, பிஸ்கட் டின்னுல கம்ப்யூட்டர் செஞ்சீங்களே, அது இன்னும் ஓடுதா? நானும் ஒண்ணு செய்யலாம்னு பாக்குறேன்." ஓடுகிறது என்று சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் டொக் என்று ஒரு சத்தம். "யாரோ கதவைத் தட்டுறாங்க போல, போய்ப் பாருங்கண்ணே, அப்புறம் எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

கதவில் யாரும் இல்லை. தட்டியது டின்தான். அவனுக்கு நான் சொல்ல இருந்ததில் பாதிக்கு மேல் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான்.

செய்தது 2022 அக்டோபரில். அந்த வருஷம் மார்ச் தொடக்கத்தில் இலங்கையில் 200 ரூபாய் அளவில் இருந்த டாலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமலும் இருந்தோம். கரண்ட் போய்ப் போய் வந்ததில் என் பழைய டெஸ்க்டாப் ஒரு நாள் எழும்பவே இல்லை. பம்பலப்பிட்டிக்குப் போய் யூனிட்டி பிளாசாவில் ஒரு பழைய மினி ஐடிஎக்ஸ் போர்டு, அதாவது கம்ப்யூட்டரின் மதர்போர்டில் சின்ன வகை ஒன்று, வாங்கினேன். லேப்டாப் அடாப்டரை நேரே செருகும் வகை, 19 வோல்ட். அதை உள்ளே வைக்க ஒரு சின்னக் கேஸ், அதாவது பெட்டி, விலை கேட்டேன். கேட்டுவிட்டுப் பேசாமல் ஹட்டனுக்கு ரயில் ஏறினேன்.

வீட்டில் அடுப்படித் தட்டில் அப்பாயியின் டின் இருந்தது. கடைகளில் பிஸ்கட்டை நிறுத்து விற்ற காலத்துப் பெரிய சதுர டின். ஒரு பக்கம் 23 சென்டிமீட்டர், உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவு, மூடியில் மங்கிப்போன ரோஜாப்பூ. போர்டு 17க்கு 17. அளந்து பார்க்கவே தேவையில்லை, பார்த்த உடனே தெரிந்தது.

அதற்குள் பிஸ்கட் இருந்து நான் பார்த்ததில்லை. கடதாசிகள்தான் இருந்தன. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களான எங்கள் ஆட்களை நாடில்லாதவர்களாக்கியது, 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று பங்கு போட்டது, 2003இல் தான் சட்டம் போட்டு மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுத்தார்கள். அத்தனை வருஷமும் எந்த ஆபீசில் எந்தத் துண்டைக் கேட்பார்கள் என்று தெரியாமல், பிறப்புச் சான்றிதழ் முதல் தோட்டத்துச் சம்பளச் சீட்டு வரை எல்லாவற்றையும் அப்பாயி அதில்தான் பூட்டாத பூட்டாக வைத்திருந்தார். நான் அவற்றை ஒரு பிளாஸ்டிக் ஃபைலுக்கு மாற்றினேன். அம்மா இன்றைக்கு வரை அதை மன்னிக்கவில்லை. ஃபைலில் ஈரம் பிடிக்கிறது என்பார். அது உண்மையும்கூட.

வெட்டும் வேலையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அது எனக்குப் பெரிய சந்தோஷம். போர்டின் பின்பக்கத் துளைகள் எல்லாம் வெளியே தெரிய ஒரு நீள்சதுரம் வெட்ட வேண்டும். கேஸ் செய்கிறவர்கள் கொடுக்கும் அளவு 158.75க்கு 44.45 மில்லிமீட்டர். இந்த எண்ணை யார் கண்டுபிடித்தார்கள் என்று திட்டிக்கொண்டே, கூரைத் தகரமும் தண்ணீர்ப் பீலியும் செய்கிற பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன். கடதாசியைப் பார்த்தார், தன் அடிமட்டத்தைத் திருப்பி அங்குலப் பக்கத்தை வைத்தார். "ஆறேகால், ஒண்ணேமுக்கால். இதுக்கு ஏன் தம்பி இவ்வளவு புள்ளி?" பத்து நிமிஷத்தில் வெட்டிக் கொடுத்தார். சும்மா டிரில் பிட் வைத்தால் மெல்லிய தகரத்தில் துளை வட்டமாக வராது, மூன்று மூலையாகக் கிழியும். அடியில் பலகைத் துண்டு வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தந்ததுதான்.

மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பவர் பட்டனுக்கு வாசல் மணி ஸ்விட்ச் போட்டேன். போர்டில் பட்டனுக்கென்று இருக்கும் இரண்டு ஊசியையும் ஒரு கணம் தொட வைத்தால் போதும், பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டியதில்லை. பட்டன் இன்றுவரை சிக்கியதே இல்லை. வைஃபை ஆன்டெனா மட்டும் வெளியே நிற்க வேண்டும், தகரத்துக்குள் வைத்தால் சிக்னல் செத்துவிடும். வெட்டிய விளிம்பில் வெள்ளீயப் பூச்சு போய் இரும்பு தெரிவதால் எங்கள் ஊர் மூடுபனிக்கு மூன்றே மாதத்தில் துரு வந்தது. ரெட் ஆக்சைடு அடித்து, சைக்கிள் டியூபைக் கீறி விளிம்பில் மாட்டினேன், சரியாகிவிட்டது.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. முதலில் வைத்திருந்தது இரண்டு முள் அடாப்டர். டின்னைத் துடைக்கும்போது விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னார். நான் நம்பவில்லை. ஒரு நாள் புறங்கையால் தொட்டேன், நம்பினேன். அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் சொற்பக் கரண்ட், போக வேறு வழியில்லாமல் டின் முழுக்க நிற்கிறது. எர்த் உள்ள மூன்று முள் அடாப்டருக்கு மாற்றியதும் நின்றது. சுவரில் இருக்கும் எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று தெரிந்தவரை வைத்துப் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டை டின்னுக்குள் கொண்டுபோகும் யோசனை இருந்தால் இந்த வேலையையே விட்டுவிடுங்கள்.

சரி, டொக்.

போட்டுக் கால் மணி நேரத்தில் ஒன்று. நிறுத்திப் பத்து நிமிஷத்தில் இன்னொன்று. இரும்பு ஒரு பாகை சூட்டுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். சூடு மேலே ஏறுவதால் டின்னின் உடம்பைவிட மூடிதான் அதிகம் சுடுகிறது. 23 சென்டிமீட்டர் மூடி 20 பாகை கூடச் சுட்டால் நீள்வது 0.055 மில்லிமீட்டர், ஒரு தலைமுடி அளவு. ஆனால் நான்கு விளிம்பும் டின்னைக் கவ்விக்கொண்டிருக்கின்றன, பக்கவாட்டில் அந்தத் தலைமுடிக்கு இடமில்லை. விளிம்பு அசையவே இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டேன், நடுவில் 2 மில்லிமீட்டர் உப்ப வேண்டும் என்று வந்தது. மெதுவாக உப்பினால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. அது அப்படிச் செய்யாது. உள்ளே குழிந்த மூடி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரே குதியில் வெளியே வரும். ஆறும்போது அதே மாதிரி உள்ளே போகும். மார்கழி, தை மாதக் குளிரில் சத்தம் இன்னும் கூர்மை.

முதல் மாதம் அம்மா ஒவ்வொரு இரவும் "யாருப்பா அது?" என்றார். பக்கத்துக் காம்பரா நாய் குரைத்தது. மேலே ஒரு கல்லை வைத்தேன், டொக் டப் ஆனது. மூடியின் உள்பக்கம் சைக்கிள் டியூப் ஒட்டினேன், நாலு மாதம் நிம்மதி, பிறகு சூட்டில் பசை இளகி டியூப் ஃபேனில் விழுந்தது. கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார் டேப்பை ஒட்டினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. இப்போது வெயில் நாளில் கம்ப்யூட்டர் புதிதாகத் தார் போட்ட ரோடு மாதிரி மணக்கிறது.

பாஸிடம் திரும்பப் போனேன். "மூலைக்கு மூலை குறுக்கே ரெண்டு கோடு மடிச்சு விட்டா அப்புறம் வாயே திறக்காது" என்றார். பெரிய தகரத்துக்கெல்லாம் அப்படித்தான் மடிப்பார்களாம். ரோஜாப்பூவின் நடுவிலா என்று அம்மா கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன வருஷம் ஐப்பசி மழையில் மாமா கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினார். மரியாதையான மனிதர், ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கைகட்டி நிற்பார். நான் எழும்பப் பார்த்தேன். "டின்னுதான், படு" என்றார் அம்மா. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தட்டு. "ஆறுது போல" என்றேன் நான். அன்றைக்கு நான் கம்ப்யூட்டரைப் போடவே இல்லை என்பது மாமா ஜன்னலுக்கு வந்து பேர் சொல்லிக் கத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது. நனைந்த கோழி மாதிரி உள்ளே வந்தவரிடம் டின்னைக் காட்டி விளக்கினேன். அவர் அதைப் பார்க்கவும் விரும்பவில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். மழை மாதங்களில் எங்கள் வீட்டில் உப்பு நீர்த்துப்போகும், நெருப்புக்குச்சி உரசினால் தலை உதிரும். அம்மா ஒரு நாள் உப்புப் போத்தலைக் கொண்டுவந்து டின்னின் மேல் வைத்தார். அடுத்து நெருப்புப் பெட்டி, அதற்கடுத்து அப்பளக் கட்டு. மூடியின் இளஞ்சூட்டில் எல்லாம் மொறுமொறுவென்று இருக்கின்றன. காற்று பக்கத்துத் துளை வழியாகத்தான் வெளியேறுகிறது, அதனால் போர்டுக்கும் கேடில்லை. காசு கொடுத்து வாங்கும் எந்தக் கேஸிலும் இந்த வசதி கிடையாது. இப்போது சத்தம் மட்டும் டொக் இல்லை, டொக்கிளிங். போத்தல் துள்ளுகிறது.

ஆகவே தம்பி, நீ கேட்டதற்கு என் பதில்: செய்யாதே. கேஸ் விலைகள் அன்றைக்கு இருந்த மாதிரி இல்லை, ஒன்றை வாங்கி நிம்மதியாகத் தூங்கு. கேட்காமல் டின் தேடிப் போவாய் என்று தெரியும். போனால் மூடியின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கிப் பார். உள்ளே போய்த் திரும்பி வந்தால் அந்தக் கடையிலேயே வைத்துவிட்டு வா. எங்கள் அடுப்படித் தட்டில் சின்னதாக இன்னொரு டின் இருக்கிறது, அதன் மூடி அமுக்கினால் அசையவில்லை. அதைக் கேட்காதே. ஆறேகாலுக்கு ஒன்றேமுக்கால் அதில் ஏற்கெனவே கோடு போட்டாயிற்று.