செம்புப் பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான், கட்டை நின்ற இடம்தான் பிரச்சினை

தூத்துக்குடியில் மீன்பிடித் தடைக்காலம் நெருங்கினால் போட் வைத்திருப்பவர்களிடம் ஒரே பேச்சுதான், அடியில் எந்தப் பெயிண்ட் அடிப்பது என்று. விலை கூடின, தானே கரையும் செம்புப் பெயிண்ட்டை நான் சில வருஷமாக என் இரும்பு போட்டுக்கு அடிக்கிறேன் என்று தெரிந்து பலரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லது. பக்கவாட்டுத் தகட்டில் கொட்டலசு, அதாவது போட் அடியில் ஒட்டி வளர்கிற ஓட்டுப் பூச்சி, பிடிப்பதே இல்லை. போட்டைக் கரையேற்றும்போது வழவழவென்று ஒரு பாசிப் படலம் இருக்கும், தண்ணீரைப் பீய்ச்சினால் போய்விடும். முன்பு சாதாரணப் பெயிண்ட் அடித்த காலத்தில் மாசி பிறந்தாலே போட் இழுக்காது. அதே ஆர்.பி.எம்.மில் வேகம் குறையும், புகை கறுக்கும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். காலையில் போய் இரவுக்குள் திரும்புகிற தொழில் எங்களுடையது. வழியில் வீணாகிற நேரமெல்லாம் மடி வலை இழுக்கிற நேரத்திலிருந்துதான் கழியும். இப்போது வருஷக் கடைசியிலும் போட் சுணங்காமல் ஓடுகிறது. "அண்ணாச்சி, அடி இன்னும் சுத்தமாத்தான் இருக்கு, ஓட்டத்துலயே தெரியுது" என்று டிரைவரே சொன்னார். இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இதில் வேலை செய்வது குப்ரஸ் ஆக்சைடு என்கிற செம்புத் தூள். கெட்டியாக நிற்கும் பழைய வகைகளில் மேல்மட்டத்துச் செம்பு கரைந்து போனதும் சத்தில்லாத வெறும் பெயிண்ட்தான் மிஞ்சும். தானே கரையும் வகையில் பிசினும் சேர்ந்து கடல்நீரில் சோப்பு மாதிரி தேய்கிறது, உள்ளிருந்து புதுச் செம்பு மேலே வந்துகொண்டே இருக்கிறது. தேய வேண்டுமானால் தண்ணீர் உரச வேண்டும், அதாவது போட் ஓட வேண்டும். புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் என்று துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிற நாட்களில்தான் பாசி ஏறுகிறது. அதனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள தடைக்காலத்தில் முதல் ஆளாகப் பெயிண்ட் அடித்துவிட்டு மீதி நாளெல்லாம் போட்டைத் தண்ணீரில் சும்மா போட்டுவைக்காதீர்கள். போட்டைக் கரையேற்றி வேலை பார்க்கிற யார்டில் பிந்தின தேதி கேளுங்கள்.

அடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். செம்பு கனம், டப்பாவின் அடியில் கட்டியாக உட்கார்ந்திருக்கும். மேலோடு ஊற்றி அடித்தால் நீங்கள் பணம் கொடுத்த பொருள் டப்பாவிலேயே தங்கிவிடும். முதல் கோட்டைச் சிவப்பிலும் மேல்கோட்டைக் கறுப்பிலும் அடித்தால் எங்கே தேய்கிறது என்று கண்ணுக்கே தெரியும். என் போட்டில் முன்மூக்கிலும் சுக்கானிலும்தான் சிவப்பு முதலில் எட்டிப் பார்த்தது, அங்கே இப்போது ஒரு கோட் கூடுதல். துத்தநாகக் கட்டிகள்மேல் மட்டும் பெயிண்ட் படவே கூடாது. பட்டால் தகட்டைத் துருவிலிருந்து காக்கிற வேலையை அவை செய்யாது. அலுமினியத் தகடு அடித்த மரப் போட் வைத்திருப்பவர்கள் இந்தச் செம்புப் பெயிண்ட் பக்கமே போகவேண்டாம், தகட்டை அரித்துவிடும்.

"அந்தக் காலத்து டின் பெயிண்ட் மாதிரி வருமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். டி.பி.டி. என்கிற அந்த வெள்ளீயக் கலவை நன்றாகத்தான் வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் பிரான்ஸில் ஆர்க்கசோன் வளைகுடாவில் சிப்பி வளர்ப்பையே அது படுக்க வைத்தது. கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து இனப்பெருக்கம் கெட்டது. உலக அளவிலான தடை ஒப்பந்தம் 2001-இல் ஏற்பட்டு 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சங்கும் நத்தை இனம்தான். சங்கு குளித்துப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கிற மன்னார் வளைகுடாவில் அது திரும்பி வரவே கூடாது. செம்பும் விஷம்தான். சுரண்டும்போது கீழே தார்ப்பாய் விரித்துத் தூளை அள்ளச் சொல்லுங்கள். கடலில் தள்ளிவிடுகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது.

சரி, இனி என் கோபத்துக்கு வருகிறேன். யார்டில் போட் கட்டைகள்மேல்தான் நிற்கும், ஏரா என்கிற அடிமரத்தண்டு மாதிரியான நடு முதுகெலும்புக்கு அடியிலும் அதன் இரண்டு பக்கத்திலும். கட்டை தொடுகிற இடத்தில் தூரிகை நுழையாது. போட்டை இறக்குகிற அவசரத்தில் கட்டையை உருவிவிட்டு ஒரு பூசு பூசுவார்கள். காயாத பெயிண்ட் தண்ணீரில் இறங்கினால் நிற்குமா? அடுத்த வருஷம் கரையேற்றிப் பார்த்தால் சுற்றிலும் தகடு சுத்தமாக இருக்கிறது, நடுவில் கட்டை அளவுக்குச் சதுரம் சதுரமாகக் கொட்டலசு. ஓரம்கூட அளந்து வெட்டின மாதிரி நேராக இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி விரல் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். அதன் குஞ்சு கடைசிப் பருவத்தில் இரைகூட எடுக்காமல் ஒட்டுவதற்கு இடம் தேடுகிற வேலை மட்டும்தான் பார்க்கும். ஒரு தடவை பசை போட்டு ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் அங்கேயேதான். சுரண்டினால் கூடு உடைந்து நாற்றத் தண்ணீர் வடியும், அடித்தட்டு மட்டும் வெள்ளை வட்டமாகத் தகட்டிலேயே நிற்கும். அதையும் பெயர்த்தால் கீழே இருக்கிற பிரைமரும் சேர்ந்து வரும். பளிச்சென்று இரும்பு தெரியும், மறுநாள் காலையில் அங்கே துரு.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. போன வருஷம் கட்டை எந்த ஃபிரேமுக்கு (போட்டின் விலா எலும்பு மாதிரியான சட்டம்) கீழே நின்றது என்று குறித்துவைத்து, இந்த வருஷம் பக்கத்து ஃபிரேமுக்கு நகர்த்தினால் போதும். பெரிய கப்பல்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். நான் போகிற யார்டில் எத்தனை தடவை கேட்டும் நடக்கவில்லை. "அடுத்த போட் காத்துக் கிடக்கு அண்ணாச்சி, எப்பவும் வைக்கிற இடத்துலயே வச்சிடுறோம்" என்பதுதான் பதில். கூடுதல் கூலி தருகிறேன் என்றாலும் அதே பதில்.

பெயிண்டின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் இந்தத் தடைக்காலத்துக்கு நான் அதை வாங்கப்போவதில்லை. இவ்வளவு விலை கொடுத்து அடித்துவிட்டு, அந்தச் சதுரங்களை மறுபடியும் உட்கார்ந்து சுரண்ட எனக்கு மனசில்லை. சாதாரணச் செம்புப் பெயிண்டே அடிக்கப்போகிறேன். டீசல் கூடுதலாகப் போகும் என்று தெரியும், போகட்டும். நீங்கள் வாங்குவதாக இருந்தால், கட்டையை இடம் மாற்றி வைப்பார்களா என்று யார்டில் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.