இற்றுப்போன சுவரைச் செப்புத் தகட்டில் எடுக்க ஒருநாள் வகுப்பு: பினாங்கு ஜார்ஜ் டவுன்

பழைய கடைவீடுகளை அச்சில் கொண்டுவரக் கற்றுத்தரும் பல வகுப்புகளில் விரிசலையும் பாசியையும் ஊசியால் கீறவிட்டு அனுப்பிவிடுவார்கள். இந்த எட்சிங் (தகட்டைக் கரைசலில் அரித்து, பள்ளத்தில் மை ஏற்றி அச்செடுக்கும் முறை) வகுப்பு சுவர் ஏன் இற்றுப்போகிறது என்பதிலிருந்து தொடங்குகிறது. முதல் அரை மணி நேரம் கடைவீடுகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் ஐந்தடி நடைபாதையில்தான். தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பையும் சேர்த்து ஏற்றுகிறது. நீர் காய, உப்பு படிகமாகிச் சுண்ணாம்புக் காரையைப் பிதுக்கித் தள்ளுகிறது. சிமெண்ட் பூசி மறைத்த இடத்திலோ ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லே உதிர்கிறது.

இதைத் தகட்டுக்குக் கொண்டுவரும் விதம்தான் வகுப்பின் உயிர். காரை உரிந்த இடத்தை வரைவதே இல்லை. அந்தப் பரப்பை, அரிப்பைத் தடுக்கும் வார்னிஷ் பூசாமல் திறந்துவிட்டு, தகட்டை 40 நிமிடம் செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் போடுகிறார்கள். அகலமான பள்ளத்தின் நடுவில் மை நிற்காது, துடைக்கும்போதே போய்விடும். விளிம்பில் மட்டும் தங்கும். அச்செடுத்தால் உரிந்த காரையின் ஓரம் கறுத்து, அதன் தடிமனோடு தெரிகிறது. ஊசியால் எவ்வளவு கீறினாலும் இது வராது.

அடுத்து ரோசின் என்ற பிசின் பொடியைத் தூவிச் சூடாக்கி அக்குவாடிண்ட், அதாவது கோடில்லாமல் நிழல் பரப்பை அரித்தெடுக்கும் முறை (முகக்கவசம் கட்டாயம்). கரைசலில் வைக்கும் நேரம் கூடக்கூட இருட்டும் கூடும். நீலச் சுண்ணாம்பு அடித்த பகுதிக்கு 30 விநாடி, அழுக்கேறிய காரைக்கு 2 நிமிடம், சன்னலுக்குள் இருட்டுக்கு 8 நிமிடம். இடையிடையே முடிந்த பகுதியை வார்னிஷால் மூட வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய எட்சிங் கலைஞர் பிரானேசி தன் சிறைக் காட்சித் தகடுகளில் மறுபடி வேலை செய்து 1761-ல் இன்னும் இருட்டாக வெளியிட்டதையும் காட்டுகிறார்கள். முதல் அச்சு வெளிறிப்போனவர்களுக்குத் தகட்டைத் திரும்பக் கரைசலில் போட அது துணிச்சல் தருகிறது.

சாஃப்ட் கிரவுண்ட் (அழுத்தியது பதியும்படி தகட்டில் மென்மெழுகு பூசும் முறை) பகுதி சொதப்பல். சுவரில் முளைத்த அரசங்கன்றின் இலையை அழுத்திப் பதிப்பது அருமையான யோசனைதான், ஆனால் பினாங்கு வெக்கையில் கொழுப்புக் கலந்த அந்த மெழுகு இளகி, விரல் பட்ட இடமெல்லாம் பதிந்துவிடுகிறது. ஏசி அறையில் செய்தால் தீரும். தகட்டை முகம் மேலாகத் தட்டில் வைப்பதும் தவறு: அரிப்பில் உண்டாகும் வண்டல் கோட்டுக்குள்ளேயே படிந்து ஆழத்தைக் கெடுக்கும். கவிழ்த்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளை அரை மணி நேரம் ஊறவைக்கிறார்கள், சரி. ஆனால் மேலே நீர் மினுங்கும்போதே பிரஸ்ஸில் விடுகிறார்கள். அங்கே மை ஏறாமல் வெள்ளைத் திட்டு விழுகிறது. நன்றாக ஒத்தி எடுத்த பிறகே கொடுங்கள்.

தகடு உங்களுக்கே. நம்மூர் ஈரக்காற்றில் செம்பு சீக்கிரம் கறுக்கும், மெல்லியதாக வாஸலின் தடவிச் சுற்றி வையுங்கள்.