தனியாகவா, ஆள் சேர்த்தா? மாடல் ரயில் லேஅவுட்டோடு சில வருட அனுபவம்

எச்.ஓ. அளவில் (நிஜ ரயிலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கியது) லேஅவுட், அதாவது மேசை மேல் தண்டவாளமும் மலையும் மரமுமாக ஒரு குட்டி ரயில் உலகம், தொடங்கப் போகும் நண்பர் ஒருவர் கேட்டார்: "பலகை அடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் தனியாகவே செய்துவிடலாமா, இல்லை கூட யாரையாவது சேர்த்துக்கொள்ளணுமா?" நாலு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், இவ்வளவு நீண்டுவிட்டது. ஓட்டுவது டிசிசியில், அதாவது தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக ஓட்டும் முறையில்; அதற்கு மேல் உள்ளே போகவில்லை. என்னுடையது ஒரு நீள்வட்ட மெயின் லைன், அதிலிருந்து பிரியும் ஒரு சின்ன யார்டு (பெட்டிகளைப் பிரித்துக் கோர்த்து நிறுத்தும் தடங்கள்), பின்சுவரை ஒட்டி ஒரு மலை, மலைக்குள் சுரங்கம். பாதியை நான் தனியாகக் கட்டினேன், மீதியை ஒரு நண்பனோடு. அதனால் இரண்டு பக்கமும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

பலகை வேலைக்கு ஆள் தேவையில்லை. ப்ளைவுட் அறுப்பது, சட்டம் அடிப்பது, தண்டவாளத்துக்கு அடியில் கார்க் ஒட்டுவது எல்லாம் நிதானமாகத் தனியாகச் செய்யக்கூடியவை. மலையும் மரமும் அப்படியே; இரண்டு பேருடைய ரசனை ஒரு மலையில் சேர்ந்தால் மலை மாதிரி இருக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: நின்ற இடத்திலிருந்து கை எட்டும் தூரம் சுமார் 75 செ.மீ.தான். அதற்கு அப்பால் தண்டவாளம் போட்டால், பின்னால் போய் நிற்கவோ அடியிலிருந்து தலையை நீட்டவோ ஒரு வழி விட்டுவையுங்கள். என் சுரங்கத்துக்கு மலையின் பின்பக்கம் திறக்கிற மாதிரி ஒரு மூடி இருக்கிறது. அது ஏன் இத்தனை தடவை திறக்கப்படுகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒயரிங் என்று வரும்போது கதை வேறு. டிசிசியில் எல்லாத் தண்டவாளத்திலும் எப்போதும் மின்சாரம் இருந்தாக வேண்டும். துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட்டை மட்டும் நம்பினால் இன்றைக்கு ஓடும், போகப் போகத் தகராறு செய்யும்; அது தளரும், உள்ளே அழுக்குச் சேரும். ஆகவே மேசைக்கு அடியில் தடித்த ஒயர் இரண்டைச் சுற்றிலும் ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் ஒரு ஜோடி மெல்லிய ஃபீடர் ஒயரை இறக்கி அதில் சேர்க்க வேண்டும். வேலை ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. ஆனால் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்தவுடன் இடது வலதாகிவிடும். மேலே பார்த்து மனதில் வைத்திருந்த சிவப்பு எது, கறுப்பு எது என்பது கீழே போனதும் குழம்பும். ஒரே ஒரு ஃபீடரை மாற்றிச் சேர்த்தாலும் மொத்த லேஅவுட்டும் ஷார்ட்.

இங்கேதான் நண்பன் வந்து சேர்ந்தான். நான் மேலிருந்து "வெளித் தண்டவாளம், சிவப்பு" என்று சொல்லி ஓட்டை வழியாக ஒயரை இறக்குவேன். அவன் கீழே அதை இழுத்து, தோலை உரித்து, தடித்த ஒயரில் முறுக்கி, ஈயம் வைப்பான். (உருகிய ஈயம் கீழ்நோக்கித்தான் சொட்டும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் யாரும் அடியில் படுக்காதீர்கள்.) ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வைப்பேன். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே கட் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் ஒயர் மெலிசு, இல்லை எங்கோ இணைப்பு சரியில்லை என்று அர்த்தம். அதை விட்டுவைத்தால், நிஜமாகவே ஒரு நாள் ஷார்ட் ஆகும்போது மின்சாரம் நிற்காமல் பாய்ந்து பெட்டியின் சக்கரச் சட்டத்தை உருக்கிவிடும். அவன் ஈயம் வைத்த இணைப்பு ஒன்றுகூட இதுவரை விட்டுப்போகவில்லை. இதை நான் தனியாகச் செய்திருந்தால் பாதியில் வெறுத்துப்போய் துணியைப் போட்டு மூடி வைத்திருப்பேன்.

சரி, இப்போது புகாருக்கு வருகிறேன்.

ஒரு நாள் நான் யார்டில் தடம் மாற்றும் ஒரு பாயிண்ட் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பயல் சும்மா இருக்க மாட்டாமல், உப்புத்தாளை எடுத்துச் சுரங்கத்துக்குள் இருந்த வளைவு முழுக்கத் தேய்த்துவிட்டான். நல்ல எண்ணம்தான். தண்டவாளம் பளபளவென்று ஆனது. அன்றைக்கு ரயிலும் ஜம்மென்று ஓடியது, "பார்த்தியா மச்சான்" என்று அவன் சொன்னதும் இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த வளைவு என்னை விட்டபாடில்லை. சக்கரமும் தண்டவாளமும் தொடுகிற இடம் மிக மிகச் சின்னது. ரயில் ஓடும்போதே அங்கே நுண்ணிய பொறிகள் பறந்து, கறுப்பாக ஒரு படிவு சேரும். வழவழப்பான தண்டவாளத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியை ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். முரட்டு உப்புத்தாள் போட்ட கீறல்களில் அது உட்கார்ந்துகொள்ளும், துணி மேலாகப் போய்விடும். மற்ற இடமெல்லாம் சமர்த்து. சுரங்கம் மட்டும் சீக்கிரம் கறுத்துவிடுகிறது. நீளமான எட்டுச் சக்கர டீசல்கள் எப்படியோ கடந்துவிடும். யார்டில் பெட்டிகளை நகர்த்தும் என் ஆறு சக்கரக் குட்டி இன்ஜின், அதாவது ஷண்டர், நின்றுவிடும். அதன் இரண்டு சக்கரங்களில் பிடிப்புக்காக ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறது, அவை மின்சாரம் எடுக்காது. மிச்சம் நாலில் ஒன்றிரண்டு அழுக்கில் ஏறினால் அதோடு சரி. மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனாலும் இன்ஜினை ஓடவைக்கும் கீப்-அலைவ் கெப்பாசிட்டர் போடு என்பார்கள். பெரிய இன்ஜினில் போட்டேன், அருமையாக வேலை செய்கிறது. குட்டி ஷண்டருக்குள் அதற்கு இடமே இல்லை.

போன வாரம் பொறுக்க முடியாமல் வைத்தியம் பார்த்தேன். பின்மூடியைத் திறந்து, 2000 நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்துக் கீறல்களைத் தணித்து, மெட்டல் பாலிஷ் போட்டுத் துடைத்து, துருப்பிடிக்காத எஃகு வாஷரால் அழுத்தி உரசி, கடைசியாக மென்மையான கிராஃபைட் குச்சியால் ஒரு கோடு மட்டும் இழுத்தேன். கிராஃபைட்டை அள்ளிப் பூசாதீர்கள், ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். சக்கரங்களையும் விடக்கூடாது: ஆல்கஹால் நனைத்த தாளைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, இன்ஜினின் ஒரு முனைச் சக்கரங்களை அதன் மேலும் மறுமுனைச் சக்கரங்களை வெறும் தண்டவாளத்திலும் வைத்துக் கையால் பிடித்தபடி ஓடவிட்டால், தாளில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். பிளாஸ்டிக் சக்கரம் வைத்த பழைய பெட்டிகள் அழுக்கைச் சுமந்து லேஅவுட் முழுக்கப் பரப்புகின்றன, அவற்றுக்கு உலோகச் சக்கரம் மாற்றினேன். இவ்வளவுக்கும் பிறகு சுரங்கம் பாதி திருந்தியிருக்கிறது.

நியாயமாகச் சொன்னால், ஓட்டுகிற சுகம் ஆள் இருந்தால்தான். என் யார்டு ஆலன் ரைட் வடிவமைத்த இங்கிள்நுக் புதிர் வகை: ஐந்து பெட்டி நிற்கும் ஒரு தடம், மூன்று மூன்று நிற்கும் இரண்டு தடங்கள், எட்டுப் பெட்டிகள். அதில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, சீட்டு வந்த வரிசையிலேயே இன்ஜின் கோர்த்து நிறுத்த வேண்டும். தனியாக ஆடினால் அது வெறும் கணக்கு. அவன் சீட்டெடுத்து உத்தரவு போட, நான் ஷண்டரை ஊரவிட, "அந்தப் பக்கம் தள்ளினா மாட்டிக்குவ" என்று அவன் முன்கூட்டியே சிரிக்க, ராத்திரி போவதே தெரியாது. அமெரிக்க மாடல் ரயில்காரர் ஜான் ஆலனின் புகழ்பெற்ற லேஅவுட்கூடப் பெரும்பாலும் அவர் ஒருவரே கட்டியது. ஓட்டுவதற்கு மட்டும் நண்பர்கள் வந்தார்கள். ஹாம்பர்க்கில் 2001-இல் திறந்த பிரமாண்டமான மாடல் ரயில் காட்சியான மினியாட்டூர் வுண்டர்லாண்டைக் காட்டி "பார், குழு இல்லாமல் ஆகுமா" என்று சொல்கிறவர்களுக்கு: அங்கே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது, உங்கள் வீட்டில் இல்லை.

ஆக, என் பதில்: தனியாகக் கட்டுங்கள். ஒயரிங்கில் முதுகு ஒடியும், மேலும் கீழும் ஏறி இறங்கியே நேரம் போகும், ஒடியட்டும், போகட்டும். இவ்வளவு நேரம் அவனைப் புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று தோன்றினால், நேற்று ராத்திரி சீட்டெடுப்பதற்கு முன்னால் மெயின் லைனில் ஒரு சுற்று விட்ட ஷண்டர் சுரங்கத்துக்குள் போய் வெளியே வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து விரலால் தள்ளிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அந்த எரிச்சலில் சொல்வதற்கான தள்ளுபடியை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆள் சேர்த்தே தீருவேன் என்றால், ஒயரிங்குக்குக் கூப்பிடுங்கள், ஓட்டுவதற்குக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற உப்புத்தாளையெல்லாம் எடுத்து ஒளித்துவையுங்கள்.