நீச்சல் குளத்து பம்ப்பை ரீவைண்டிங் கடையில் கொடுக்கலாமா?

கோவளம் பக்கம் ஈசிஆரில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன நீச்சல் குளம் இருக்கிறது. ஒரு எச்பி பம்ப், மணல் பில்டர், அவ்வளவுதான். பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்த நிறுவனம் (பெயர் வேண்டாம்) எது கெட்டாலும் "பம்ப்பையே மாத்திடுங்க சார்" என்றுதான் சொல்லும். வெறுத்துப்போய், போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் கேளம்பாக்கம் கடை ஒன்றில் இதையும் கொடுத்துப் பார்த்தோம்.

மோட்டார் விஷயத்தில் கடைக்காரர் கெட்டி. சுவிட்ச் போட்டால் பம்ப் உம்மென்று உறுமும், சுற்றாது, கொஞ்ச நேரத்தில் டிரிப் ஆகும். நிறுவனத்து ஆள் பார்த்துவிட்டுக் காயில் எரிந்துவிட்டது என்று சொன்ன அதே மோட்டார்தான். மோட்டாரின் பின்னால் இருக்கும் விசிறியை இவர் கையால் சுற்றினார், தடையில்லாமல் சுற்றியது. சரி, ஜாம் இல்லை என்று, மோட்டார் கிளம்ப உதவும் கண்டென்சரை மட்டும் மாற்றினார், ஓடிவிட்டது. சில நூறு ரூபாயோடு முடிந்த வேலை அது. (விசிறியை நீங்களும் சுற்றிப் பார்க்கலாம், மெயினை அணைத்துவிட்டு. கண்டென்சரைத் தொடாதீர்கள், கரண்ட் போன பிறகும் அதில் சார்ஜ் நிற்கும்.)

அப்புறம் பேரிங். கீச்சென்று சத்தம் வந்ததும் பேரிங் மட்டும் மாற்றித் தாருங்கள் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். பம்ப்புத் தண்ணீர் மோட்டார் பக்கம் போகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கசிந்து, அந்தத் தண்ணீர் ஷாப்ட் வழியாக உள்ளே போய்த்தான் பேரிங் கெடுகிறது, சீலை விட்டுவிட்டால் புது பேரிங்கும் போகும் என்பார். நியாயம்தான். மோட்டாருக்கும் பம்ப்புக்கும் நடுவில் தண்ணீர் சொட்டுகிறதா என்று அடிக்கடி பாருங்கள், அதுவும் உப்புக்காற்று அடிக்கும் எங்கள் மாதிரி இடத்தில். கோடையில் சாயங்காலமானால் நின்று போகிறது என்றபோது இவர் கேட்ட முதல் கேள்வி, "வோல்டேஜ் எவ்வளவு வருது?" வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் சூடாகித் தானாக நின்றுவிடும், ஆறினால் மறுபடி ஓடும். ஒப்பந்தக்காரர் ஒரு தடவைகூட மீட்டர் வைத்துப் பார்த்ததில்லை.

ஆனால் தண்ணீர் பக்கம் வந்தால் இவருக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் இழுக்கவில்லை என்று கொண்டுபோனால் மோட்டாரைக் கழற்றிப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பித் தருவார், கழற்றிய கூலி மட்டும் நம் கணக்கில். அந்தக் கோளாறை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். குளத்துக்குள் தண்ணீர் திரும்பும் வாயில் குமிழி வருகிறது, பம்ப்பின் முன்னால் குப்பையைப் பிடிக்கும் கூடையின் மூடிக்குக் கீழே தண்ணீர் நிரம்பவில்லை என்றால் எங்கேயோ காற்று நுழைகிறது. பெரும்பாலும் மூடியின் ஓ-ரிங்தான் (ரப்பர் வளையம்). பம்ப் ஓடும்போது மூடியைச் சுற்றி மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள், குமிழி குறைந்தால் ஓட்டை அங்கேதான். ரிங் விரிசல் விட்டிருந்தால் மாற்றுங்கள், காய்ந்து மட்டும் இருந்தால் சிலிக்கான் கிரீஸ் போதும். வாசலின் வேண்டாம், சில ரப்பரை அது ஊதவைத்துவிடும். பிறகு கூடை நிரம்பத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, அதன் பிறகே சுவிட்ச் போட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் சீல் சூடாகிக் கருகிப்போகும்.

எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை சவுக்கு ஊசி. இலை மாதிரி கூடையில் தங்காமல் ஓட்டை வழியாக நழுவிப்போய், உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் சிக்கிக்கொள்ளும். கூடை சுத்தமாக இருந்தும் பில்டரில் இருக்கும் பிரஷர் கேஜ் முள் இறங்கியே கிடந்தால் அங்கே பாருங்கள். முள் ஏறினால் கதை வேறு, பில்டர் அடைத்திருக்கிறது. சுத்தமாக இருக்கும்போது காட்டும் அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ கூடிவிட்டால் பேக்வாஷ் செய்யலாம், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு மணலைக் கழுவலாம். பம்ப்பை நிறுத்தாமல் பில்டர் வால்வின் கைப்பிடியைத் திருப்பாதீர்கள், உள்ளே இருக்கும் கேஸ்கெட் பிய்ந்துவிடும்.

மோட்டார் வேலைக்கு அந்தக் கடைக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். ஒன்று குறைத்ததற்குக் காரணம் அந்தக் கழற்றிய கூலியும், நாளைக்கு நாளைக்கு என்று இழுப்பதும். வீட்டுக்கு வர மாட்டார், போல்ட்டைக் கழற்றி மோட்டாரை நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கேரண்டி எல்லாம் வாய்வார்த்தைதான், பில்லில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.