தக்கைத் தூளைப் பிடித்து வைக்க எந்தப் பசை?

தக்கையை (கார்க்) தூளாக்கி, ஏதாவது இயற்கைப் பசையில் பிசைந்து அச்சில் அமுக்கினால் பலகை வந்துவிடும் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். மேலே நன்றாகக் காய்ந்திருக்கும், உடைத்துப் பார்த்தால் நடுவில் ஈரமும் பூஞ்சையும். தக்கை முழுக்க மூடிய சிற்றறைகள், அதில் ஏறக்குறைய 40% சூபரின் என்ற மெழுகு மாதிரியான பொருள், தண்ணீருக்கு வழியே விடாது. அதனால் பசை எவ்வளவு ஒட்டும் என்பதை விட எப்படி இறுகும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மாவுப் பசை, வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சிய பசை), கேசின் (பால் புரதப் பசை) மூன்றும் தண்ணீர் வற்றி இறுகுபவை, மெல்லிய தகடுக்கு மட்டுமே சரிப்படும். மாவுப் பசை நனைந்தால் மறுபடி கூழ்தான். வஜ்ஜிரத்துக்குப் பலம் உண்டு, ஆனால் காய்ந்ததும் விறைத்து வெடிக்கும், கொஞ்சம் கிளிசரின் விட்டால் வளைந்து கொடுக்கும். ஈரத்துக்கு ஓரளவு தாக்குப்பிடிப்பது சுண்ணாம்பு சேர்த்த கேசின்.

என் ஓட்டு ஆளிவிதை எண்ணெய்க்கு. 1860களில் பிரெடரிக் வால்டன் லினோலியம் என்ற தரைவிரிப்பைச் செய்தது இதை வைத்துத்தான்: எண்ணெயோடு பைன் பிசின், தக்கைத் தூள், அடியில் துணி. இது காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கி இறுகுவது, பச்சை எண்ணெயாகக் கலந்தால் மேலே ஆடை கட்டி உள்ளே கொழகொழவென்றே கிடக்கும். அவர் எண்ணெயை முதலில் ரப்பர் பதத்துக்குக் கொண்டுவந்த பிறகே தூளைச் சேர்த்தார், அப்படியும் தகடுகளைச் சூடான அறையில் வாரக்கணக்கில் தொங்கவிட வேண்டியிருந்தது. பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். அப்புறம், எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

உருகி இறுகுபவற்றுக்குக் காயும் தொல்லையே இல்லை. அரக்கு அழகாக இருக்கும், ஆனால் 75 டிகிரி வாக்கில் இளகிவிடும், சூடான பாத்திரம் வைக்க ஆகாது. பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால் பிஎல்ஏ (PLA) என்ற தாவரவழிப் பிளாஸ்டிக். தக்கை ஏறக்குறைய 200 டிகிரி வரை கருகாமல் தாங்கும், பிஎல்ஏ அதற்குள் உருகிவிடுவதால் ஜோடி பொருந்துகிறது. தாவர மாவிலிருந்து வந்தது என்பதால் மண்ணில் போட்டதும் மக்கிவிடும் என்று நம்ப வேண்டாம், அதற்குத் தொழிற்சாலை உரக்குழியின் வெப்பம் வேண்டும். தவிர, சாதாரண பிஎல்ஏ 60 டிகிரியிலேயே தளர ஆரம்பித்துவிடும்.

பசையே இல்லாத வழியும் உண்டு. கறுப்புத் தக்கைப் பலகையில் 300 டிகிரியை ஒட்டிய நீராவி பட்டுத் துகள்கள் உப்பி, தங்கள் சூபரினாலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வீட்டு அடுப்பில் முயல வேண்டாம், புகைதான் மிஞ்சும்.