ஏ.ஐ. சட்டத்துக்கு சர்டிபிகேட் விற்கிறார்கள், மதுரை சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் உஷார்

ஐரோப்பாவில் வாடிக்கையாளர் வைத்திருக்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகளைத் தேடிப் பிடித்து ஒரு கூட்டம் மதுரையில் வியாபாரம் பண்ணிக்கொண்டிருக்கிறது. அண்ணாநகர், கே.கே.நகர், இலந்தைக்குளம் பக்கம் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். "ஐரோப்பிய யூனியன் ஏ.ஐ. சட்டத்துக்கு சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம்" என்றுதான் வருவார்கள். எங்களிடம் வாங்கியது 1,80,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. வழக்கு போகக்கூடும் என்பதால் பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து, யாரை முதலில் கூப்பிடலாம் என்று மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் மென்பொருள் எங்களுடையது. ஜெர்மனியில் ஆள் எடுத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்று அதைப் பயன்படுத்துகிறது. பொங்கல் முடிந்த கையோடு அவர்களிடமிருந்து மெயில் வந்தது. ஏ.ஐ. மென்பொருள்களை ஆபத்தின் அளவை வைத்து வகை பிரிக்கும் புதுச் சட்டத்தில் உங்கள் மென்பொருள் எந்த வகைக்குள் வருகிறது, அதற்கான ஆவணங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். மதுரையில் உட்கார்ந்து செய்தாலும், அங்கே விற்றால் அந்தச் சட்டம் நமக்கும் பொருந்தும்.

அந்த நேரம் பார்த்து பைபாஸ் ரோட்டில் ஒரு ஓட்டலில் இலவசக் கருத்தரங்கு, மதியச் சாப்பாட்டோடு. மேடையில் பேசியவர் முதல் ஸ்லைடிலேயே மூன்றரைக் கோடி யூரோ அபராதம் என்று போட்டார், இல்லாவிட்டால் உலக வருமானத்தில் 7 சதவீதம். கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. அந்தத் தொகை சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அது அடியோடு தடை செய்யப்பட்ட வேலைகளுக்கு, அதாவது மக்களுக்கு நடத்தை மதிப்பெண் போடுவது, வேலை செய்யுமிடத்தில் ஊழியரின் உணர்ச்சியை இயந்திரத்தால் அளப்பது போன்றவற்றுக்கு. எங்கள் மாதிரி மென்பொருளுக்கு உச்சவரம்பு ஒன்றரைக் கோடி யூரோ அல்லது 3 சதவீதம். சின்ன கம்பெனி என்றால் இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. இந்தக் கடைசி வரியை அவர் சொல்லவே இல்லை. "2026 ஆகஸ்ட் 2க்குள் சர்டிபிகேட் இல்லையென்றால் ஐரோப்பாவில் கடையை மூட வேண்டியதுதான்" என்றார். அதிக ஆபத்து வகைக்கான தேதியைத் தள்ளிவைக்கலாம் என்று ஐரோப்பிய ஆணையமே 2025 நவம்பரில் முன்மொழிந்திருந்ததைப் பற்றியும் மூச்சு விடவில்லை.

கருத்தரங்கு நடத்தியவர்களிடமே வேலையைக் கொடுத்தோம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். எங்கள் புரோகிராமர் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எந்தத் தரவை வைத்துப் பழக்கினீர்கள், ஆண் பெண் வித்தியாசம் வருகிறதா என்று பார்த்தீர்களா, மதிப்பெண்ணை மனிதர் மாற்ற முடியுமா, ஒன்றும் கிடையாது. கடைசியில் வழவழப்பான ஒரு பி.டி.எஃப்., மூன்று வருடம் செல்லுபடியாகும் என்று ஒரு சர்டிபிகேட், அதன் மூலையில் சி.இ. முத்திரை. உள்ளே எங்கள் மென்பொருளை "குறைந்த ஆபத்து" என்று எழுதியிருந்தார்கள்.

இதுதான் பெரிய வினை. அந்தச் சட்டத்தின் மூன்றாவது இணைப்பில் வேலைக்கு ஆள் எடுப்பது, விண்ணப்பங்களை வடிகட்டுவது என்று எழுத்துப்பூர்வமாகவே இருக்கிறது. அது அதிக ஆபத்து வகை. சில விலக்குகள் உண்டு. ஆனால் தனி மனிதரின் விவரங்களை வைத்து அவரை எடைபோடும் மென்பொருளுக்கு அந்த விலக்கு கிடையாது. ஜெர்மன் நிறுவனத்தின் சட்டப் பிரிவிலிருந்த அம்மா வீடியோ காலில் அந்தப் பக்கத்தைத் திறந்து, "இதை யார் எழுதியது?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் சி.இ. முத்திரையைக் காட்டி, உடனே எடுங்கள் என்றார். நம் பொருள் சட்டத்துக்கு ஒத்துப்போகிறதா என்ற மதிப்பீட்டை முடித்து, நாமே கையெழுத்துப் போட்டு உறுதி சொன்ன பிறகு ஒட்ட வேண்டிய முத்திரை அது. எங்கள் வகைக்கு அந்த மதிப்பீட்டையும் நாமே உள்ளுக்குள் செய்துகொள்ளலாம், வெளி அமைப்பு தேவையில்லை. அதாவது இவர்கள் விற்ற மாதிரி ஒரு சர்டிபிகேட் அந்தச் சட்டத்தில் இல்லவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "சார், பில்லைப் பாருங்க, பயிற்சிக் கட்டணம்னுதானே போட்டிருக்கு" என்று அவர்களிடமிருந்து பதில் வந்தது. பார்த்தால் அப்படித்தான் இருந்தது. கொட்டேஷனில் சட்ட இணக்கம், பில்லில் பயிற்சி. எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதிலோ. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று கேட்டதற்கு, தொழிலுக்காக வாங்கிய சேவை என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் நாம் நுகர்வோர் ஆக மாட்டோம், சிவில் வழக்குதான் வழி என்றார் வக்கீல். நோட்டீஸ் போயிருக்கிறது.

இதே ஆட்கள் இப்போது ஐ.எஸ்.ஓ. 42001 என்று அடுத்த கடை விரித்திருப்பதாகக் கேள்வி. அது 2023இல் வந்த நிஜமான தரநிலை, ஏ.ஐ. நிர்வாக முறைக்கானது. ஆனால் ஐ.எஸ்.ஓ. நேரடியாக யாருக்கும் சான்று தருவதில்லை, அங்கீகாரம் பெற்ற தணிக்கை அமைப்புதான் தரும். அதை வாங்கிவிட்டால் ஐரோப்பியச் சட்டம் முடிந்தது என்றும் கிடையாது. உங்களிடம் வந்தால் அங்கீகாரம் யார் கொடுத்தது என்று கேளுங்கள். பில்லில் என்ன எழுதுவீர்கள் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள். முக்கியமாக, எங்கள் மென்பொருள் எந்த வகை, சட்டத்தின் எந்தப் பிரிவுப்படி என்று கேட்டுப் பாருங்கள். மென்பொருளை ஓட்டிப் பார்க்காமலே பதில் சொன்னால் காபியைக் குடித்துவிட்டு அனுப்பிவிடுங்கள்.

ஜெர்மன்காரர்கள் ஒப்பந்தத்தை முறிக்கவில்லை, ஆனால் புதுப்பிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆவணங்களை இப்போது எங்கள் பசங்களே உட்கார்ந்து எழுதுகிறார்கள். இந்த ஆட்களிடம் வேறு யாராவது பணம் கொடுத்திருந்தால் பில்லையும் கொட்டேஷனையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். சேர்ந்து போனால் வழக்குக்கு வலு கூடும் என்கிறார் வக்கீல்.