ஆட்டோநம்பரை (அக்சஸ் தானாகப் போடும் வரிசை எண்ணை) மாற்றித் தருகிறேன் என்று வருபவர்களிடம் உஷார்!

அரை மாதச் சம்பளம் போயே போய்விட்டது. அதைவிட, வாடிக்கையாளர், பில் விவரங்களை வைத்திருக்கும் என் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் ஃபைலில் எந்தப் பில் யாருடையது என்றே தெரியாமல் கிடக்கிறது. ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் கேட்டது சின்ன வேலை. இனிமேல் சேரும் வாடிக்கையாளர்களுக்கு எண் 1001-இல் தொடங்க வேண்டும், பழைய எண்கள் அப்படியே இருக்க வேண்டும். ஆன்லைனில் ஆள் பிடித்துத் தரும் ஒரு தளத்தில் ஒருவர் கிடைத்தார். "பழையதைத் தொடவே மாட்டேன், பேக்கப் நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றார். முடித்துவிட்டுத் திரையைக் காட்டினார். கடைசிக் காலி வரிசையில் ஒரு எழுத்தைத் தட்டினார், 1001 வந்து நின்றது. அதைப் பார்த்து நம்பித்தான் தளத்தில் கட்டிவைத்திருந்த பணத்தை அவருக்கு விடுவித்தேன்.

அப்புறம் பில் ரிப்போர்ட்டை எடுத்தால் மொத்தத் தொகை குறைகிறது. முழுக்கப் பணம் கட்டியவர் பெயரில் பாக்கி நிற்கிறது. தோண்டிப் பார்த்தால், மனிதர் வாடிக்கையாளர் டேபிளையும் பில் டேபிளையும் இணைக்கும் ரிலேஷன்ஷிப் கோட்டை அழித்து, வாடிக்கையாளர் எண் இருந்த ஐடி ஃபீல்டையே நீக்கிவிட்டு, புதிதாக ஒரு ஆட்டோநம்பர் ஃபீல்டைப் போட்டிருக்கிறார். நடுவில் எண்கள் விடுபட்டிருந்த இடைவெளிகள் மூடி, எல்லாரும் மேலே நகர்ந்துவிட்டார்கள். 412-ஆக இருந்தவர் இப்போது 389. பில் டேபிளிலோ இன்னும் 412தான். அந்த 412 இப்போது வேறொருவர்! கடைசி எண்களுக்கு ஆளே இல்லை, அந்தப் பில்கள்தான் ரிப்போர்ட்டிலிருந்து காணாமல் போனவை.

கேட்டால் முதலில் "உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு" என்றார். பிறகு, "ரிலேஷன்ஷிப்பே இல்லையே, நீங்கள் போடவில்லை" என்கிறார். அழித்ததே அவர்தான்! என் பழைய நகலில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. எடுப்பதாகச் சொன்ன பேக்கப்பைக் கேட்டதும் பேச்சையே நிறுத்திவிட்டார். தளத்தாரோ "பணம் விடுவித்த பின் திரும்பாது" என்ற ஒரே பதிலை மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். அரை மாதச் சம்பளம், சார்! இத்தனைக்கும் ஐடி 1000 என்று ஒரு பொய் வரிசையை அப்பெண்ட் குவெரியில் (டேபிளில் வரிசை சேர்க்கும் கட்டளையில்) சேர்த்து, உடனே அழித்திருந்தால் அடுத்தது 1001 வந்திருக்கும். சில நிமிட வேலை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பழைய நகலை வைத்துப் பெயர் பெயராகச் சரிபார்க்கும் வேலை கிடக்கிறது. அவசரமாகச் சில மட்டும். நடுவில் எண் விடுபட்டால் விட்டுவிடுங்கள். புது வரிசையில் தட்டத் தொடங்கிவிட்டு எஸ்கேப் அழுத்தினாலே ஒரு எண் போகும், அதனால் கெடுதல் இல்லை. வேறு டேபிள் நம்பியிருக்கும் ஐடி ஃபீல்டை நீக்க யாரையும் விடாதீர்கள். கேஸ்கேட் அப்டேட் (ஒரு டேபிளில் எண்ணை மாற்றினால் இணைந்த டேபிளிலும் தானாக மாற்றும் வசதி) காப்பாற்றும் என்று சொன்னால் நம்பாதீர்கள், ஆட்டோநம்பருக்கு அது உதவாது. பேக்கப் உங்கள் கையில் இருக்கட்டும். பணம் விடுவிக்கும் முன் புது எண்ணை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், பழைய பில் ஒன்றைத் திறந்து பெயர் சரியா என்று பாருங்கள்.